அலுவலகம், பள்ளி, கடை: கட்டிடங்களின் கார்பனை உள்ளாட்சி எப்படிக் குறைக்கலாம்

உள்ளாட்சி மன்றம் ஒன்று கார்பனைக் குறைக்கப் போவதாகத் தீர்மானம் போட்டால், பெரும்பாலும் முதலில் வருவது கூரையில் சோலார் பலகை. திறப்பு விழா வைக்கலாம், படம் எடுக்கலாம். அதே கூரைக்குக் கீழே ஆளில்லாத மாடியில் ஏசி ஓடிக்கொண்டிருப்பதை யாரும் படம் எடுப்பதில்லை.

கட்டிடங்களின் எரிசக்தித் தணிக்கை என் தொழில். உள்ளாட்சிகளுக்காக அலுவலகம், நூலகம், பள்ளி, நீச்சல் குளம் எனப் பலவற்றின் மீட்டர் அறைகளில் நின்றிருக்கிறேன். புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால், இருப்பது எப்போது ஓடுகிறது, யாருக்காக ஓடுகிறது என்று பார்ப்பதற்கு ஓர் ஆளை நியமியுங்கள் என்பதுதான் நான் எல்லா மன்றங்களுக்கும் முதலில் சொல்வது. அந்த ஆளுக்கு வேறு வேலை இருக்கக் கூடாது. கட்டிடப் பராமரிப்பு, கொசு ஒழிப்பு, தேர்தல் பணி எல்லாவற்றோடும் சேர்த்து "எரிசக்தியையும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு பொறியாளரிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உலகில் எரிசக்தி சார்ந்த உமிழ்வில் கால்வாசிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிடங்களை இயக்குவதால் வருகிறது. வீடுகளைத் தள்ளிவிட்டால் மிச்சம் அலுவலகம், கடை, மருத்துவமனை, பள்ளி, விடுதி, கிடங்கு. இவற்றின் விஷயத்தில் உள்ளாட்சி இரண்டு வேடத்தில் இருக்கிறது. ஒன்று சொந்தக்காரர், இன்னொன்று அனுமதி கொடுப்பவர், விதி போடுபவர். முதல் வேடத்தில் உருப்படியாக ஏதும் செய்யாமல் இரண்டாவதில் இறங்கினால் வியாபாரிகள் கேட்கும் முதல் கேள்வி "உங்கள் அலுவலகத்தில் என்ன செய்தீர்கள்?" என்பதாக இருக்கும். அதற்குப் பதில் கையில் இருக்க வேண்டும்.

பட்டியல் போடுங்கள்

எத்தனை கட்டிடங்கள் உங்களுடையவை என்று கேட்டால் ஒவ்வொரு பிரிவும் ஓர் எண்ணைச் சொல்லும். பொறியியல் பிரிவின் பட்டியலில் இருப்பது வருவாய்ப் பிரிவின் பட்டியலில் இருக்காது. கணக்குப் பிரிவிடம் மின் இணைப்பு எண்கள் எல்லாம் இருக்கும், ஆனால் எந்த எண் எந்தக் கட்டிடத்துக்கு என்று தெரியாது. பில் கட்டுபவர் ஒருவர், சுவிட்ச் போடுபவர் இன்னொருவர், இயந்திரம் வாங்கியவர் மூன்றாமவர். மூவரும் சந்தித்துக்கொள்வதே இல்லை. வீணாவதில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

ஆகவே ஒரே அட்டவணையாகப் போடுங்கள். கட்டிடம், தளப்பரப்பு, மீட்டர் எண்கள், என்னென்ன எரிபொருள், திறந்திருக்கும் நேரம், மின்பலகை அறையின் சாவி யாரிடம். கடைசி விவரம் அற்பமாகத் தோன்றும். சாவி இல்லாததால் திரும்பி வந்தவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும். ஒவ்வொரு மீட்டரையும் நேரில் போய்ப் பார்த்து எண்ணைச் சரிபாருங்கள். எப்போதோ இடித்த கட்டிடத்துக்கு இன்னும் பில் கட்டிக்கொண்டிருப்பது, குத்தகைக்கு விட்ட கடையின் மின்சாரம் நூலகத்தின் மீட்டரில் ஏறுவது இப்படி எல்லாம் இந்தக் கட்டத்திலேயே வெளிவரும்.

அப்புறம் மூன்று ஆண்டு பில்களை எடுத்து, அதைக் கார்பனாக மாற்ற வேண்டும். கணக்கு கடினமானது அல்ல. டீசல் எரித்தால் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இயற்கை எரிவாயுவில் ஒரு யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி வெப்பத்துக்குச் சுமார் 200 கிராம். மின்சாரம் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். நிலக்கரியை நம்பிய மின்தொகுப்பில் யூனிட்டுக்கு 700 கிராம்கூட வரலாம். நீர்மின்சாரமும் அணுமின்சாரமும் மிகுந்த இடத்தில் 100 கிராமுக்கும் கீழே இருக்கும். உங்கள் நாட்டின் மின்துறை வெளியிடும் காரணியையே பயன்படுத்துங்கள். எதில் முதலில் கைவைப்பது என்பதையே இது தீர்மானிக்கும். நிலக்கரி மின்சாரம் வாங்கும் ஊரில் ஏசியும் விளக்கும்தான் முதல் எதிரி. சுத்தமான மின்சாரம் கிடைக்கும் குளிர்நாட்டில், கட்டிடத்தைச் சூடாக்க அடித்தளத்தில் எரியும் பாய்லர்.

கிடைத்த எண்ணைத் தளப்பரப்பால் வகுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று தெரியும். பள்ளியைப் பள்ளியோடும் நூலகத்தை நூலகத்தோடும் ஒப்பிடுங்கள். பள்ளியை நீச்சல் குளத்தோடு ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது. மொத்த அளவிலும் சதுர மீட்டர் அளவிலும் மேலே வரும் கட்டிடங்களே உங்கள் முதல் ஆண்டு வேலை. மீதி காத்திருக்கட்டும்.

இரவில் போய்ப் பாருங்கள்

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஓர் அலுவலகம் வாரத்துக்கு 50 மணி நேரம் திறந்திருந்தால் மீதி 118 மணி நேரம் அங்கே ஆளில்லை. பத்தில் ஏழு பங்கு நேரம் காலியாக இருக்கும் கட்டிடம் அந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இதைப் பேஸ் லோடு என்போம். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் அரைமணிக்கு ஒரு முறை பதிவான அளவை மின் நிறுவனத்திடமிருந்து கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் மாலை பூட்டும்போதும் காலை திறக்கும்போதும் மீட்டர் எண்ணைக் குறித்துவைக்கச் சொன்னாலே போதும்.

வரைபடத்தில் இரவுக்கோடு தரையோடு ஒட்டிக் கிடக்க வேண்டும். பல இடங்களில் பகலின் பாதி உயரத்தில் நிற்கும். வெறும் 10 கிலோவாட் தேவையில்லாமல் ஆண்டு முழுக்க ஓடினால் 87,600 யூனிட். நிலக்கரி மின்தொகுப்பில் அது 60 டன்னுக்கும் மேல். சோலார் பலகை போட்டு இதை ஈடுகட்ட நினைப்பது ஓட்டைத் தொட்டிக்கு இன்னொரு குழாய் இழுக்கிற வேலை.

வரைபடம் எவ்வளவு என்று சொல்லும், எது என்று சொல்லாது. அதற்கு இரவில் நேரில் போக வேண்டும். கம்பியை வெளியிலிருந்தே கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டர், டார்ச், மின்பலகை சாவி, கூடவே காவலாளி. காவலாளியை நான் விடவே மாட்டேன். எந்த மோட்டார் எப்போது உறுமும், எந்த மாடியில் விளக்கு எப்போதும் எரியும் என்று அவருக்கு அத்தனையும் தெரியும். யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். பலகையில் ஒவ்வொரு கிளையாகக் கிளாம்ப் போட்டு அளந்தால் ஒரு மணி நேரத்தில் குற்றவாளிகள் வரிசையாக நிற்பார்கள். கழிப்பறை எக்ஸாஸ்ட் விசிறிகள், குடிநீர்க் குளிர்விப்பான், வெந்நீர்த் தொட்டி, மாடிப்படி விளக்குகள், ஒரே ஒரு சர்வர் அலமாரிக்காக 18 டிகிரியில் உறைந்துகிடக்கும் அறை.

சர்வர் அறையைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய சர்வர்களுக்கு உள்ளே போகும் காற்று 27 டிகிரி வரை இருந்தாலும் கவலை இல்லை. 18-இல் வைப்பது பழக்கம் மட்டுமே.

ஒரு மன்ற அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மூன்று மாடி ஏசி முழுசாக ஓடியது. எப்போதோ ஒரு விடுமுறை நாளில் சிறப்புக் கூட்டம் நடந்திருக்கிறது. அதற்காக டைமரை மாற்றியவர்கள் திருப்பி வைக்கவில்லை. மாற்றியவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. ஏசி நிறுவனத்தை வரவழைத்து டைமரைச் சரிசெய்ததற்கு மேல் அங்கே எந்தச் செலவும் ஆகவில்லை. இப்படிப்பட்ட கட்டிடங்கள் விதிவிலக்கு அல்ல. டைமர் இருக்கும் இடமெல்லாம் இந்தக் கதை இருக்கும். அதனால் ஒவ்வொரு டைமரின் அட்டவணையையும் அச்சிட்டுப் பலகைக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் கையெழுத்துப் போட்டுச் சரிபார்க்கட்டும்.

காசில்லாமல் செய்யக்கூடியவை

ஏசியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் அதன் மின்செலவு சுமார் 6% குறையும் என்பது இந்திய எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 20-இல் இருப்பதை 24-க்குக் கொண்டுவந்தால் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். ஆனால் சுற்றறிக்கை அனுப்பிவிட்டு இதைச் செய்ய முடியாது. மறுநாளே ரிமோட் யார் கையிலோ இருக்கும். மேசைக்கு நேராகக் குளிர்காற்று அடிக்கும் இடத்தில் ஒருவர் போர்வை போட்டிருப்பார், மூலையில் இன்னொருவர் வியர்த்துக்கொண்டிருப்பார். முதலில் காற்று போகும் துவாரங்களைச் சரிசெய்யுங்கள், மின்விசிறிகளை ஓடவிடுங்கள், பிறகு மெதுவாக டிகிரியை ஏற்றுங்கள். யார் எப்போதும் முதலில் புகார் சொல்வாரோ அவரை முன்னாலேயே பார்த்துப் பேசிவிடுங்கள்.

பெரிய ஏசி அமைப்புகளில் விசிறியும் பம்பும் தனியாகத் தின்னும். இங்கே இயற்பியல் நம் பக்கம். விசிறியின் வேகத்தைக் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிக் கணக்கில் இறங்கும். வேகத்தை 20% குறைத்தால் மின்சாரம் கிட்டத்தட்டப் பாதி. வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. கருவி பல இடங்களில் ஏற்கெனவே பொருத்தியிருக்கும், ஆனால் முழு வேகத்தில் பூட்டி வைத்திருப்பார்கள். ஏன் என்று கேட்டால் "பொருத்தும்போதே அப்படித்தான்" என்பார்கள். கருவியின் திரையில் 50 ஹெர்ட்ஸ், அதாவது முழு வேகம், என்று ஆண்டு முழுக்க நின்றால், அதற்குக் கொடுத்த காசு தண்டம்.

குளிர்நாடுகளில் இன்னொரு கேலிக்கூத்து உண்டு. ஒரே அறையில் வெப்பமூட்டியும் குளிர்விப்பானும் ஒன்றோடொன்று சண்டை போடும். ஒன்று 21 டிகிரிக்கு ஏற்றும், மற்றொன்று 20-க்கு இறக்கும். இரண்டுக்கும் இடையில் சில டிகிரி இடைவெளி விட்டால் சண்டை நிற்கும்.

விழிப்புணர்வு போஸ்டர்களை நான் நம்புவதில்லை. "விளக்கை அணையுங்கள்" என்று எழுதிய காகிதத்துக்குக் கீழேயே விளக்கு எரிவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. ஆள் இல்லையென்றால் தானே அணைக்கும் சென்சார் போடுங்கள்.

செலவு செய்யும் வரிசை

வரிசை முக்கியம். முதலில் கட்டிடத்துக்குள் வரும் வெப்பத்தையோ வெளியே போகும் வெப்பத்தையோ குறையுங்கள். அடுத்து விளக்கு. அதற்குப் பிறகு இயந்திரம். கடைசியில் சோலார். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் தேவையைவிடப் பெரிய குளிர்விப்பு இயந்திரத்தை (சில்லர்) வாங்கி, அது பாதித் திறனில் தத்தளித்துக்கொண்டு பதினைந்து இருபது ஆண்டு ஓடும்.

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தில் 2009-இல் அறிவித்த சீரமைப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 102 மாடிக் கட்டிடம். அங்கிருந்த 6,500-க்கும் மேற்பட்ட சன்னல்களைத் தூக்கியெறியாமல், கட்டிடத்துக்குள்ளேயே ஒரு பட்டறை போட்டு, பழைய கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய படலமும் வாயுவும் சேர்த்துத் திரும்பப் பொருத்தினார்கள். சன்னலும் விளக்கும் சரியானதால் குளிர்விக்க வேண்டிய சுமை குறைந்தது. அதனால் புதுச் சில்லர்கள் வாங்காமல் பழையவற்றைச் சீர்செய்தே சமாளிக்க முடிந்தது. மொத்தத் திட்டத்தின் இலக்கு எரிசக்தியில் 38% குறைப்பு. உங்கள் மூன்று மாடி அலுவலகத்துக்கும் அதே தர்க்கம்தான். வெயில் ஊரென்றால் கூரைக்கு வெள்ளைப் பூச்சு, மேற்குச் சன்னலுக்கு வெளிப்புற நிழல். குளிர் ஊரென்றால் கூரையில் வெப்பக் காப்பு, கதவிடுக்குகளை அடைப்பது.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய சோக் வைத்த 36 வாட் ட்யூப் லைட் சோக்கோடு சேர்த்து 45 வாட்டுக்கு மேல் இழுக்கும். எல்.இ.டி. ட்யூப் 20 வாட்டுக்குள் முடித்துவிடும். மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

இயந்திரங்களைப் பொறுத்தவரை, எது எப்போது ஆயுள் முடிகிறது என்ற பட்டியலை இப்போதே வைத்திருங்கள். பாய்லர் உடைவது எப்போதும் கடுங்குளிரில்தான். அன்றைக்கு யோசிக்க நேரம் இருக்காது. கையில் கிடைத்த அதே மாதிரி பாய்லரை வாங்கி மாட்டுவார்கள், இன்னொரு தலைமுறைக்கு எரிவாயு உறுதியாகிவிடும். எரிவாயு பாய்லர் ஒரு யூனிட் எரிபொருளிலிருந்து ஒரு யூனிட்டுக்கும் குறைவான வெப்பமே தரும். வெளியிலிருக்கும் வெப்பத்தை இழுத்துவரும் ஹீட் பம்ப், ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும். ஆனால் அது மிதமான சூட்டில்தான் திறமையாக ஓடும். அறைகளில் வெந்நீர் ஓடும் பழைய ரேடியேட்டர்கள் அந்தச் சூட்டில் அறையைச் சூடாக்குமா என்று குளிர்காலத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். பாய்லரின் வெப்பநிலையை 55 டிகிரிக்கு இறக்கிவிட்டு ஒரு வாரம் விடுங்கள். எந்த அறையில் குளிர்கிறதோ அங்கே மட்டும் ரேடியேட்டரை மாற்றினால் போதும்.

வெப்பமூட்டும் நீச்சல் குளம் இருந்தால், இரவில் அதன் மேல் விரிப்பு போடுகிறார்களா என்று பாருங்கள். குளம் இழக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு ஆவியாகப் போவது. பல இடங்களில் விரிப்பு வாங்கி, உருளையில் சுற்றியபடியே இருக்கும். இழுக்க இரண்டு பேர் வேண்டும், இரவுப் பணியில் ஒருவர்தான்.

எல்லோரும் மறந்துவிடும் ஒன்று ஏசி வாயு. பழைய ஸ்பிளிட் ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர்-410ஏ என்ற குளிர்பதன வாயு ஒரு கிலோ கசிந்தால் அது சுமார் 2,088 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். 10 கிலோ கசிவு கிட்டத்தட்ட 21 டன். அதாவது 7,000 லிட்டருக்கும் மேல் டீசல் எரித்தது போல. பராமரிப்பு ஒப்பந்தக்காரர் "கேஸ் ஃபில்லிங்" என்று ஒவ்வொரு கோடையிலும் பில் போட்டால் அங்கே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். எந்த இயந்திரத்தில் எத்தனை கிலோ நிரப்பினார் என்று எழுதாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். புதிதாக வாங்கும்போது ஆர்-32 போன்று தாக்கம் குறைந்த வாயுவைக் கேளுங்கள். அதன் எண் 2,088 அல்ல, 675. அதுவும் சுழியம் அல்ல, ஆனாலும் மூன்றில் ஒரு பங்கு.

பணம்

மிச்சமாகும் பணம் எங்கே போகிறது என்பதில்தான் பல திட்டங்கள் செத்துப்போகின்றன. ஒரு பள்ளி மின்செலவைக் குறைத்தால் அடுத்த ஆண்டு அதன் மின்செலவு ஒதுக்கீட்டை வெட்டிவிடுவார்கள். பிறகு அந்தத் தலைமையாசிரியர் ஏன் கவலைப்படப் போகிறார்?

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம் இதற்கு 1995-லிருந்து ஒரு வழி வைத்திருக்கிறது. நகரின் சுற்றுச்சூழல் துறை ஒரு நிதியை வைத்துக்கொண்டு, மற்றத் துறைகளின் கட்டிடங்களில் எரிசக்தி மேம்பாட்டுக்கு வட்டியில்லாமல் முதலீடு செய்கிறது. மிச்சமாகும் எரிசக்திச் செலவிலிருந்து அந்தத் துறை முதலீட்டைத் திருப்பிக் கட்டுகிறது. கட்டி முடித்தபின் மிச்சம் துறைக்கே. திரும்பி வந்த பணம் அடுத்த கட்டிடத்துக்குப் போகிறது. வங்கி தேவையில்லை, வெளி நிறுவனம் தேவையில்லை. தேவைப்படுவது நிதிப்பிரிவின் கையெழுத்தும், ஒழுங்காக அளக்கும் ஒருவரும். சிறிதாகவே தொடங்கலாம். முதல் சுற்றில் சீக்கிரம் பணம் திரும்பும் டைமர், சென்சார், விளக்கு, வி.எஃப்.டி. வேலைகளை எடுங்கள்.

சேமிப்புக்கு உத்தரவாதம் தரும் எரிசக்திச் சேவை நிறுவனங்களோடும் ஒப்பந்தம் போடலாம். பெரிய கட்டிடங்களுக்கு இது பொருந்தும். கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டைப் பாருங்கள். ஒப்பிடுவதற்கான அடிப்படை ஆண்டு எது, நூலகத்தின் நேரத்தை நாளை நீட்டித்தால் கணக்கு எப்படி மாறும். இரண்டும் எழுத்தில் இல்லையென்றால் ஐந்தாம் ஆண்டில் வழக்கறிஞர்தான் சேமிப்பார். அளப்பதையும் அதே நிறுவனத்திடம் விடாதீர்கள்.

டெண்டரில் குறைந்த விலைக்கே கொடுக்க வேண்டும் என்ற விதி இருந்தால், வாங்கும் விலையோடு பதினைந்து ஆண்டு மின்செலவையும் சேர்த்து மொத்தத்தை ஒப்பிடும்படி நிபந்தனையை எழுதுங்கள். பல பொதுக் கொள்முதல் விதிகள் இதற்கு இடம் தருகின்றன.

மற்றவர்களின் கட்டிடங்கள்

இனி இரண்டாவது வேடம். எந்த அதிகாரம் உங்களிடம் இருக்கிறது, எது மேல் அரசிடம் இருக்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் நன்றாக நடந்த நகரங்களைப் பார்த்தால் வரிசை ஒன்றாகத்தான் இருக்கிறது. முதலில் அளந்து சொல்லச் சொல்கிறார்கள், அடுத்து ஊரறியச் செய்கிறார்கள், கடைசியாக வரம்பு வைக்கிறார்கள்.

டோக்கியோ 2002-இல் பெரிய கட்டிடங்களை உமிழ்வு அறிக்கை கொடுக்கச் சொன்னது. கட்டாயக் குறைப்பு வந்தது 2010 ஏப்ரலில்தான். ஆண்டுக்கு 1,500 கிலோலிட்டர் கச்சா எண்ணெய்க்குச் சமமான எரிசக்தியைச் செலவிடும் இடங்களுக்கு வரம்பு, வரம்புக்குக் கீழே போனவர் மிச்சத்தை மற்றவருக்கு விற்கலாம். முதல் ஐந்தாண்டில் 6 அல்லது 8% குறைத்தால் போதும் என்று மிதமாகத் தொடங்கி, அடுத்தடுத்த கட்டங்களில் இறுக்கினார்கள். நடுவிலிருந்த எட்டு ஆண்டுகள் வீணல்ல. எந்த வகைக் கட்டிடம் எவ்வளவு செலவிடும் என்ற தரவு கையில் இருந்ததால், வரம்பை யாரும் வானத்திலிருந்து பறித்தது என்று சொல்ல முடியவில்லை.

நியூயார்க்கிலும் அப்படியே. 2009-இல் ஆண்டுதோறும் எரிசக்திக் கணக்கு கொடுக்கும் சட்டம். 2020-லிருந்து பெரிய கட்டிடங்கள் நுழைவாயிலில் தரமதிப்பு எழுத்தைத் தொங்கவிட வேண்டும். 2019-இல் நிறைவேறிய உள்ளூர்ச் சட்டம் 97-இன்படி, 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டிடங்களுக்கு 2024-லிருந்து உமிழ்வு வரம்பு. மீறும் ஒவ்வொரு டன்னுக்கும் ஆண்டுக்கு 268 டாலர் அபராதம். 2030-இல் வரம்பு இன்னும் இறுகும். இந்த முன்னறிவிப்பைக் கவனியுங்கள். சட்டம் வந்ததற்கும் வரம்பு தொடங்கியதற்கும் நடுவில் ஐந்து ஆண்டு. இயந்திரம் மாற்றும் நேரம் வரும்போது உரிமையாளர் கணக்குப் போட்டுப் பார்க்க அது போதும்.

சிறிய கடைகளை இந்த விதிக்குள் இழுக்காதீர்கள். பரப்பளவில் ஓர் எல்லை வைத்தால் எண்ணிக்கையில் சில கட்டிடங்களே வரும், உமிழ்வில் பெரும்பகுதி வந்துவிடும். அறிக்கை படிக்க உங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். முடிந்தால் தரவை மின் நிறுவனமே நேராக உங்களுக்கு அனுப்பும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு உரிமையாளரும் கையால் எண் நிரப்பினால் பாதி தப்பும் தவறுமாக வரும்.

புதுக் கட்டிடங்களுக்கு அனுமதிதான் உங்கள் கைப்பிடி. லண்டனின் மெர்ட்டன் உள்ளாட்சி 2003-இல், 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு அல்லாத புதுக் கட்டிடங்கள் தம் எரிசக்தித் தேவையில் 10 சதவீதத்தை அங்கேயே புதுப்பிக்கத்தக்க வழியில் உண்டாக்க வேண்டும் என்று விதித்தது. ஒரு சிறிய மன்றம் போட்ட விதி அது. பிறகு பிரிட்டனின் பல உள்ளாட்சிகள் அதைப் பின்பற்றின. இதில் எனக்கு ஒரே குறை, அனுமதியின்போது காட்டும் கணக்கும் கட்டிடம் ஓடும்போது வரும் கணக்கும் வேறு வேறாக இருக்கும். வரைபடத்தில் அருமையாக இருந்தது நடப்பில் இரட்டிப்பாகச் செலவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் நாபர்ஸ் மதிப்பீடு இதைச் சரியாகப் பிடித்தது. ஓர் ஆண்டு உண்மையில் ஓடிய மீட்டரை வைத்தே நட்சத்திரம் கொடுக்கிறார்கள். நீங்களும் அனுமதி நிபந்தனையில் இரண்டாம் ஆண்டு முடிவில் மீட்டர் கணக்கு தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம்.

பழைய கட்டிடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட அனுமதி கேட்டு வருபவரிடம், சீரமைத்தால் என்ன என்ற கணக்கையும் கேளுங்கள். சிமெண்டும் இரும்பும் சுமந்துவரும் கார்பன், கட்டிடம் பல ஆண்டு இயங்கி வெளியிடும் அளவுக்கு வரும்.

வாடகைக் கட்டிடங்களில் சிக்கல் வேறு. உரிமையாளர் காசு போட்டால் பில் குறைவது வாடகைக்காரருக்கு. ஆகவே யாரும் போட மாட்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏ முதல் ஜி வரையான எரிசக்தித் தரத்தில் 'ஈ'-க்குக் கீழே இருக்கும் வணிகக் கட்டிடத்தை 2018 ஏப்ரலிலிருந்து புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2023 ஏப்ரலிலிருந்து ஏற்கெனவே ஓடும் குத்தகைகளுக்கும் அது பொருந்தும். சில விலக்குகள் உண்டு. இதைக் கண்காணிக்கும் பொறுப்பு உள்ளாட்சிகளிடம்தான் இருக்கிறது. சட்டம் போடுவது தேசிய அரசு என்றாலும் வாடகை விளம்பரங்களையும் தரச்சான்றுப் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் இல்லையென்றால் அது காகிதம்தான். உங்கள் நாட்டிலும் இப்படித் தூங்கும் விதிகள் இருக்கும். புது விதி எழுதுவதற்கு முன் அவற்றைத் தேடுங்கள். உங்களுக்கே சொந்தமான கடைகளை வாடகைக்கு விடும்போது, குத்தகைப் பத்திரத்தில் மீட்டர் தரவைப் பகிர்வது, மேம்பாட்டின் செலவையும் பலனையும் பங்கிடுவது ஆகியவற்றை எழுத யார் அனுமதியும் தேவையில்லை.

காசு இல்லாத உரிமையாளருக்கு அமெரிக்காவின் பெர்க்லி நகரம் 2008-இல் ஒரு வழி காட்டியது. மேம்பாட்டுக்கான கடனைச் சொத்துவரியோடு சேர்த்துப் பல ஆண்டுகளில் திருப்பிக் கட்டலாம். கட்டிடம் கைமாறினால் பாக்கியும் கட்டிடத்தோடு போகும். பெர்க்லியில் அது கூரைச் சோலாருக்காக வந்தது. இன்று வணிகக் கட்டிடங்களுக்கும் அமெரிக்காவின் பல இடங்களில் இருக்கிறது.

சின்ன விதிகளையும் அலட்சியம் செய்யாதீர்கள். ஏசி ஓடும்போது கடைக்கதவைத் திறந்து வைக்கக் கூடாது என்று நியூயார்க்கில் 2008-லேயே பெரிய கடைகளுக்கு விதி வந்தது. 2022 கோடையில் பாரிஸும் அதைச் செய்தது, 150 யூரோ அபராதத்தோடு. அந்த ஆண்டே பிரான்ஸ் முழுவதற்கும் விதியானது. ஒரு கடை மட்டும் கதவை மூடினால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார் என்ற பயம் நியாயமானது. எல்லோரும் சேர்ந்து மூடும்போது அந்தப் பயம் இல்லை. தேசிய விதி வரும்வரை ஓர் ஊரில் இதை உள்ளாட்சிதான் செய்ய முடியும்.

எப்படிக் கணக்குக் காட்டுவது

ஆண்டறிக்கையில் யூனிட்டையும் கார்பனையும் தனித்தனிப் பத்தியாகப் போடுங்கள். நாட்டின் மின்தொகுப்பு சுத்தமாகிக்கொண்டே வந்தால், நீங்கள் ஒரு சுவிட்சைக்கூடத் தொடாமல் உங்கள் கார்பன் எண் இறங்கும். அதைக் காட்டி மன்றம் தன்னையே பாராட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். யூனிட் எண் அப்படி ஏமாற்றாது. வெயில், குளிர் மாறுபாட்டையும் கணக்கில் எடுங்கள். இதமான கோடைக்குப் பின் வரும் "சேமிப்பு" பெரும்பாலும் வானத்தின் கொடை.

கட்டிடம் வாரியாக, கூடியதையும் சேர்த்து, ஏன் கூடியது என்ற ஒரு வரியோடு வெளியிடுங்கள். சமூகக்கூடம் இரவிலும் திறந்திருந்தது, பள்ளியில் புது வகுப்பறைகள் வந்தன என்றால் அது குற்றமில்லை, எழுதிவிட்டால் போதும். காரணம் எழுத முடியாத கட்டிடங்கள் எவையோ அவற்றுக்கு, அடுத்த மாதமே கிளாம்ப் மீட்டரோடு இரவில் ஆள் அனுப்புங்கள்.